கதவுக்குள் இறங்கும் மழை

“அண்ணாச்சி, இதுக்கு நாலு ஸ்குரூ அடிச்சு விட்டிரட்டா?” என்று கேட்டான் தம்பி. பார்வதிபுரத்தில் சாயாக்கடை வாசலில் அவன் அப்பா காலத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கதவைத் திறந்துகொண்டு நின்றது. உட்பக்க டோர் பேட், கீழ்மூலையில் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது. அடிக்காதே என்றேன். ஏன் என்று சொல்லி முடிக்க இரண்டு சாயா ஆயிற்று.

ஹெரால்ட் நம்மூர் வண்டிதான். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டாக வந்ததை, 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்து விற்றது. வடிவம் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்தது. இதே சேஸியைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அதனால் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கும் ஹெரால்ட் வைத்திருப்பவருக்கும் கதவில் வரும் தொல்லை ஒன்றே: ரெக்சின் போர்த்திய ஹார்ட்போர்டு, அதன் ஓரம் சுற்றிலும் கம்பிக் கிளிப், கதவுத் தகட்டில் அந்தக் கிளிப் போய் உட்காரத் துளைகள்.

கதவின் உள்ளே காய்ந்துதான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். மழை பெய்தால் கண்ணாடிக்கும் பீடிங் ரப்பருக்கும் நடுவே தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். கதவின் அடியில் ஓட்டை விட்டிருப்பதே அது வடிந்து போவதற்குத்தான். தண்ணீர் பேடைத் தொடாதிருக்க, தகட்டுக்கும் பேடுக்கும் இடையில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும். எப்போதோ கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைச் சரிசெய்தவர் அதைக் கிழித்துப் போட்டிருப்பார். திரும்ப ஒட்டியிருக்க மாட்டார். நாஞ்சில் நாட்டில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஹார்ட்போர்டு குடித்துக் குடித்து உப்பும். வெயிலில் காய்ந்து வளையும். கிளிப் நிற்கும் துளை பிய்ந்துவிடும். கிளிப் நழுவுவது கடைசியில் நடப்பது. போதாததற்கு உப்புக்காற்று வேறு. துருப்பிடித்த கிளிப்புக்கு ஸ்பிரிங் விசை ஏது?

கழற்றுவதில் பொறுமை வேண்டும். கைப்பிடியைச் சுற்றியுள்ள வட்டத் தட்டை உள்பக்கமாக அழுத்தினால், தண்டின் குறுக்கே ஒரு சின்ன ஊசி தெரியும். மெல்லிய ஆணியால் அதைத் தட்டி வெளியே எடுங்கள். கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். ஊசி விழுந்தால் தேடியே பொழுது போய்விடும். பிறகு தோசைத் திருப்பியில் துணி சுற்றி, பேடுக்கும் தகட்டுக்கும் நடுவே செருகி, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். தள்ளி நின்று நெம்பினால் பலகைதான் ஒடியும்.

தம்பியின் பேடைத் திருப்பிப் பார்த்தோம். கீழிருந்து நாலு விரல் உயரத்துக்குக் கறுத்த கறை, குளத்துப் படியில் தண்ணீர் நின்ற தடம் போல. விரலால் அழுத்தினால் நனைந்த அவல் மாதிரி உதிர்ந்தது. கதவடியில் ஓட்டை இருந்த இடம் மண்ணடைத்துக் கிடந்தது. தென்னை ஈர்க்கில் ஒன்றை விட்டுக் குத்தினேன். கறுப்புத் தண்ணீர் சொட்டிற்று. முதல் வைத்தியம் அதுதான். இரண்டாவது, வெளிப்பக்கத்து பீடிங் ரப்பரை மாற்றுவது. அப்புறம்தான் பேடு.

இவ்வளவு ஊறிய பலகையை ஒட்டுப்போட முடியாது. துளை மட்டும் பிய்ந்திருந்தால் பின்பக்கம் சிறு பிளைவுட் துண்டு ஒட்டி, புதுத்துளை போட்டுத் தப்பிக்கலாம். இதற்குப் புதிதாகவே வெட்ட வேண்டும். 3 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட் போதும். கெட்டியாக இருக்கட்டும் என்று தடிமனைக் கூட்டினால் கிளிப்பின் கால் தகட்டுத் துளைக்கு எட்டாது. வெட்டியதும் இரண்டு முகத்துக்கும், முக்கியமாக வெட்டிய ஓரங்களுக்கும், பெயின்ட் அடிக்க வேண்டும். மரம் தண்ணீர் குடிப்பது ஓரத்தின் வழியாகத்தான்.

ரெக்சினைச் சற்று வெயிலில் போட்டால் இளகி, இழுத்த பக்கம் வரும். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கை வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டுகிற அவசரம்தான் பின்னால் கொப்புளமாக எழும்புகிறது. வளைவுகளில் மடிக்கும் ஓரத்தைச் சின்னச் சின்னதாய் வெட்டிவிட்டால் சுருக்கம் விழாது. கிளிப் புதிது போடுங்கள். லேசாக கிரீஸ் தடவுங்கள். மாட்டுவதற்கு முன் பிளாஸ்டிக் தாளை ஓரம் முழுக்க ஒட்டி, அதன் கீழ்விளிம்பைக் கதவுக்குள்ளே விட்டுவிடுங்கள். தாளில் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே இறங்கிப் போகும்.

ஸ்குரூ ஏன் கூடாது என்றால், உள்ளே கண்ணாடி இறங்குகிறது. நீளமான ஒரு ஸ்குரூ போதும், கண்ணாடியைக் கீறவோ உடைக்கவோ. தகட்டில் புதுத் துளை போட்டால் அந்த வட்டத்திலிருந்தே துருவும் தொடங்கும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: எவ்வளவு உளுத்துப் போயிருந்தாலும் பழைய பலகையை எறிந்துவிடாதீர்கள். புதுப்பலகையில் துளை எங்கெங்கே வரவேண்டும் என்று அளவு சொல்வது அதுதான். அது முழுதும் உதிர்ந்து போயிருந்தால், எதிர்ப்பக்கத்துக் கதவின் பலகையைக் கழற்றித் திருப்பிப் போட்டு வரைந்துகொள்ளுங்கள்.