இறங்குமுகமாகக் குதித்து 254 மீட்டர் பறப்பது எப்படி?

2025 மார்ச் 30. ஸ்லோவேனியா நாட்டின் பிளானிட்சா பள்ளத்தாக்கு. சீசனின் கடைசி நாள். மலை உச்சியில் ஒரு கம்பியின் மேல் உட்கார்ந்திருந்த 25 வயது டோமன் பிரெவ்ட்ஸ் கையை விட்டார். பனிச்சரிவில் சறுக்கினார். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மேடையின் விளிம்பைத் தாண்டினார். அதன் பிறகு அவர் கால் தரையில் பட்ட இடம், 254.5 மீட்டர் தள்ளி!

இரண்டு கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் ஒட்டிப் போட்டாலும் 210 மீட்டர்தான் வரும். அதையும் தாண்டி 40 மீட்டருக்கு மேல். இன்ஜின் இல்லை, இறக்கை இல்லை. காலில் இரண்டு பலகைகள், உடம்பில் ஒரு உடை, தலையில் ஹெல்மெட். அவ்வளவுதான். ஸ்டீஃபன் கிராஃப்ட் என்ற ஆஸ்திரிய வீரர் 2017இல் நார்வேயில் வைத்த 253.5 மீட்டர் சாதனை, எட்டு வருடங்கள் கழித்து ஒரே ஒரு மீட்டரில் உடைந்தது.

டி.வி.யில் ஸ்கை ஜம்பிங் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தப்பாகவே நினைத்துக்கொள்கிறார்கள். சறுக்கி வந்த பாதையின் முனை மேல்நோக்கி வளைந்திருக்கும், அது வீரரை வானத்தை நோக்கி எறிந்துவிடும் என்பது அந்த நினைப்பு. சர்க்கஸ் பைக் சாகசம் பார்த்த பழக்கம். நிஜத்தில், அந்த மேடை கீழ்நோக்கித்தான் சாய்ந்திருக்கிறது. ஏறத்தாழ 10, 11 டிகிரி. அதாவது, வீரர் புறப்படும்போதே கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

காற்றே இல்லை என்றால்...

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு சுமார் 105 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 29 மீட்டர் வேகத்தில் வருகிறார். விளிம்பில் கால்களை உதைத்து எழும்புகிறார். அந்த உதை, மேடையின் இறக்கச் சாய்வில் பாதியைத்தான் ஈடுகட்டும். இனி காற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு மட்டும் இழுக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த எறிபொருள் கணக்கைப் போட்டால், பிளானிட்சா போன்ற சரிவில் அவர் மூன்று விநாடியில் தரையைத் தொட்டுவிடுவார். தூரம் சுமார் 100 மீட்டர்.

மீதி 150 மீட்டர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான். சைக்கிள் ஓட்டுபவருக்கும் ஓட்டப்பந்தய வீரருக்கும் எதிரியாக இருக்கும் காற்று, இந்த ஒரு விளையாட்டில் தோள் கொடுக்கிறது.

ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் என்ன ஆகும் என்று சின்ன வயதில் எல்லோரும் பார்த்திருப்போம் (கண்டக்டரிடம் திட்டும் வாங்கியிருப்போம்). உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால் காற்று வழுக்கிப் போகும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் கை தானாக மேலே எழும். ரொம்பத் தூக்கினால் கை பின்னால் தள்ளப்படும். ஸ்கை ஜம்பர் செய்வது இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு கோணத்தைப் பிடித்து, 8 விநாடி அதை விடாமல் வைத்திருப்பது. பலகைகளும் உடம்பும் சேர்ந்து ஒரு இறக்கை. காற்று அதன் மேல் மோதிக் கீழ்நோக்கித் திரும்பும்போது, வீரரின் எடையில் கணிசமான பகுதியைச் சுமந்துகொள்கிறது. அதனால் அவர் கல்லைப் போல விழுவதில்லை. விழுகிறார்தான். ஆனால் மலைச்சரிவு இறங்கும் வேகத்திலேயே விழுகிறார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும், பறக்கும் நேரம் முழுவதும் அவர் தரையை விட்டு ரொம்ப உயரத்தில் இருப்பதே இல்லை. சில மீட்டர்கள்தான்.

இந்த நிலைக்கு வர அவருக்குக் கிடைக்கும் அவகாசமோ மிகக் குறைவு. விளிம்பில் எழும்புவதற்கு ஏறத்தாழ 0.3 விநாடி. இந்த வேகத்தில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு முந்தினாலும் பிந்தினாலும் மூன்று மீட்டர் தவறிவிடும். சீக்கிரம் எழுந்தால் விளிம்புக்கு முன்பே உடம்பு காற்றைத் தடுக்கும். தாமதித்தால் உதைக்கத் தரையே இருக்காது.

தவறிப்போன காலும் V எழுத்தும்

1980களின் பாதி வரை எல்லா வீரர்களும் இரண்டு பலகைகளையும் ஒட்டி, இணைகோடாக வைத்துத்தான் பறந்தார்கள். பார்க்க அழகு. நடுவர்கள் ஐந்து பேர் அந்த அழகுக்குத் தனியாக மதிப்பெண் போடுவார்கள், இன்றும் போடுகிறார்கள். 1985இல் ஸ்வீடனின் ஃபாலுன் நகரில் பயிற்சியில் இருந்த யான் பொக்லோவ் என்ற சுமாரான வீரருக்கு, ஒரு குதிப்பில் பலகைகளின் முனைகள் தவறுதலாக விரிந்துவிட்டன. விழுந்து உருளப்போகிறார் என்ற நேரத்தில், வழக்கத்தைவிட வெகுதூரம் போய் இறங்கினார்.

காரணம் எளிமையானது. பலகைகள் உடம்புக்கு நேர் கீழே ஒட்டி இருந்தால், அவை உடம்பைக் காற்றிலிருந்து மறைத்துவிடுகின்றன. V போல விரித்தால் பலகைகளிலும் காற்று மோதும், நடுவே இருக்கும் உடம்பிலும் மோதும். இறக்கையின் பரப்பு கூடுகிறது. பின்னாளில் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது, தூக்கு விசை ஏறத்தாழ 28 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது.

நடுவர்களுக்கு இது பிடிக்கவில்லை. தவளை மாதிரி காலை விரித்துக்கொண்டு என்ன பறப்பது? ஒவ்வொரு குதிப்பிலும் பொக்லோவின் அழகு மதிப்பெண்ணை வெட்டினார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வெட்டியது போக மிஞ்சிய மதிப்பெண்ணை வைத்தே 1988-89 சீசனின் உலகக் கோப்பையை ஒட்டுமொத்தமாக வென்றார். அதன் பிறகு மற்றவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. 1992 ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் பெரிய மலைப் போட்டியில் தங்கம் வென்ற 16 வயது ஃபின்லாந்துப் பையன் டோனி நீமினென், V பாணியில் பறந்தவர். 1994இல் பிளானிட்சாவில் 203 மீட்டர் பறந்து, 200ஐத் தாண்டி விழாமல் நின்ற முதல் மனிதரும் அவர்தான். விதி மாறியது, மதிப்பெண் வெட்டுவது நின்றது. வழிகாட்டிய பொக்லோவுக்கு மட்டும் கடைசிவரை ஒரு ஒலிம்பிக் பதக்கமும் கிடைக்கவில்லை.

எதிர்க்காற்று என்னும் வரம்

தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 90 கிலோமீட்டரில் பறப்பவருக்கு எதிரே வெறும் 9 கிலோமீட்டர் வேகத்தில், சட்டையை லேசாக அசைக்கும் காற்று வந்தால் போதும். விசை 21 சதவீதம் கூடிவிடும். பின்னாலிருந்து வந்தால் அதே அளவு இல்லாவிட்டாலும் 19 சதவீதம் குறையும். எனவே ஒரே மலையில், ஒரே திறமையுள்ள இரண்டு பேர், ஐந்து நிமிட இடைவெளியில் குதித்தால் 20 மீட்டர் வித்தியாசம் வருவது சாதாரணம். பல வருடங்கள் இது அதிர்ஷ்டக் கணக்காகவே ஓடியது. 2009இல் சரிவின் ஓரமாகக் காற்றுமானிகளை வைத்து, எதிர்க்காற்று கிடைத்தவருக்குப் புள்ளியைக் கழித்து, பின்காற்றில் மாட்டியவருக்குக் கூட்டிக் கொடுக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு அதுவே வழக்கமானது. இதனால் பக்கத்து வீரரைவிட அதிக தூரம் பறந்தும் தோற்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. மைதானத்தில் நிற்கும் ரசிகர்களுக்கு இது இன்றும் முழுசாக ஜீரணமாகவில்லை.

காற்றைப் போலவே எடையும். தூக்கும் பரப்பு அப்படியே இருக்க எடை மட்டும் குறைந்தால் தூரம் கூடும். இந்த உண்மை வீரர்களைப் பட்டினிக்குத் தள்ளியது. ஒட்டி உலர்ந்த முகங்களோடு இளைஞர்கள் மேடை ஏறிய வருடங்கள் அவை. அறிவுரையால் முடியாததை 2004-05 சீசனில் ஒரு விதி சரிசெய்யப் பார்த்தது. உயரத்துக்கு ஏற்ற எடை இருந்தால், நீளமான பலகை. எடை குறைந்தால் பலகையும் குட்டையாகும். சாப்பாட்டைக் குறைத்துச் சேர்த்த மீட்டரை, குட்டைப் பலகை பறித்துக்கொள்ளும். பிரச்னை முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால், புத்தி சொல்வதற்குப் பதிலாக இயற்பியலை வைத்தே இயற்பியலை மடக்கிய விதி இது.

அடுத்தது உடை. துணி எவ்வளவு காற்றை ஊடுருவ விடுகிறது என்று கருவி வைத்து அளக்கிறார்கள். உடம்புக்கும் துணிக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் இடைவெளி என்று பார்க்கிறார்கள். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கவட்டைப் பகுதியில் துணி கொஞ்சம் தாழ்ந்து, விறைப்பாக நின்றாலே, விரிந்த இரு கால்களுக்கு நடுவே ஒரு பாய்மரம் கட்டியது போலத்தான். 2025 மார்ச்சில், ஸ்கை ஜம்பிங்கின் தாய்வீடான நார்வேயில், ட்ரான்ட்ஹைம் உலக சாம்பியன்ஷிப்பில் இதுதான் நடந்தது. நார்வே அணியின் உடைகளில் அந்த இடத்தில் விறைப்பான தையல் சேர்க்கப்பட்டிருந்தது. உடை தைக்கப்படுவதை யாரோ ரகசியமாக எடுத்த வீடியோ வெளியானது. இரண்டு வீரர்கள் தகுதி இழந்தார்கள். பயிற்சியாளர் தவறை ஒப்புக்கொண்டார். வீரர்கள் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் நடந்த அவமானம்.

சமன்பாட்டில் ஆண், பெண் இல்லை

வேகம், பரப்பு, கோணம், எடை, காற்று. தூரத்தைத் தீர்மானிப்பவை இவைதான். ஆனாலும் ஒலிம்பிக் ஸ்கை ஜம்பிங் 1924இல் தொடங்கியது முதல் 90 வருடங்கள் பெண்களுக்கு அனுமதி இல்லை. 2005இல்கூட சர்வதேசப் பனிச்சறுக்கு சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர், இது மருத்துவரீதியாகப் பெண்களுக்கு ஏற்றதல்ல என்ற தொனியில் பேசினார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சிறிய மலையில், போட்டிகள் தொடங்கும் முன் சாதனை வைத்திருந்தவர் லிண்ட்சி வேன் என்ற அமெரிக்கப் பெண். ஆண்களையும் சேர்த்துத்தான்! அந்த மலையில் ஒலிம்பிக் நடந்தபோது அவர் குதிக்க முடியவில்லை. பெண் வீரர்கள் கனடா நீதிமன்றத்துக்குப் போயும் வழி பிறக்கவில்லை. 2014 சோச்சியில்தான் கதவு திறந்தது. 200 மீட்டரைத் தாண்டும் ராட்சத மலைகளில் பெண்களுக்கான முதல் போட்டி நடந்தது 2023இல்.

அதற்கு இரண்டே வருடம் கழித்து, 2025 மார்ச் 14 அன்று, நார்வேயின் விகர்சுண்டில் 20 வயதுப் பெண் ஒருவர் 236 மீட்டர் பறந்தார். பெண்களில் அதுவரை யாரும் போகாத தூரம். அவர் பெயர் நிக்கா பிரெவ்ட்ஸ். ஆமாம், டோமனின் தங்கை. மூத்த அண்ணன் பீட்டர், 2015இல் 250 மீட்டரைத் தொட்ட முதல் ஆள். இன்னொரு அண்ணன் செனே, ஒலிம்பிக் பதக்கக்காரர். தங்கை சாதனை வைத்த பதினாறாவது நாள்தான் டோமன் பிளானிட்சாவில் பறந்தது.

ஏன் 300 இல்லை?

இன்னும் மேலிருந்து, இன்னும் வேகமாக வந்தால் 300 மீட்டர் பறக்க முடியாதா? பறக்கலாம். இறங்குவதுதான் சிக்கல். நூறைத் தாண்டிய வேகத்தில் வந்து இறங்கும் வீரரின் முட்டி உடையாமல் இருப்பதற்குக் காரணம், தரையும் அவர் பறக்கும் பாதையும் ஏறத்தாழ ஒரே சாய்வில் இருப்பதுதான். சரிவு தட்டையாகத் தொடங்கும் இடத்தைத் தாண்டிப் போய் இறங்கினால், அதே வேகம் கால்களை நொறுக்கிவிடும். அதனால்தான், யாராவது அபாயகரமான தூரம் போகத் தொடங்கினால், நடுவர் குழு அடுத்தவர்களைக் கீழே உள்ள வாயிலிலிருந்து புறப்படச் சொல்கிறது. வேகம் குறையும், தூரமும் குறையும்.

2024 ஏப்ரலில் ஜப்பானின் ரியோயு கோபயாஷி இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போனார். ஐஸ்லாந்தின் அகுரேரி நகரத்துக்கு அருகே, ஒரு குளிர்பான நிறுவனத்தின் செலவில், மலையையே செதுக்கி அவருக்காக நீண்ட சரிவு ஒன்றை உருவாக்கினார்கள். சுமார் 10 விநாடி காற்றில் இருந்து, 291 மீட்டரில் இறங்கினார். போட்டி விதிகளின்படி நடக்காததால் சர்வதேச சம்மேளனம் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. பதிவேட்டில் பதினொரு மாதம் கழித்து ஏறிய எண், டோமனின் 254.5.