சினாரின் கடைசி இலைகள்

ஸ்ரீநகரின் சினார் மரங்களைப் படமெடுக்க விழைவோர் பெரும்பாலும் அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் அங்குச் செல்கின்றனர். மரம் முழுவதும் செம்பொன்னாய் ஒளிரும் நாட்கள் அவை. நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் கூட்டம் குறைந்துவிடுகிறது. ஆயினும், கிளை நுனிகளில் எஞ்சிய இலைகளும் தரையில் குவிந்த சருகுகளுமாய் நகரம் காட்சியளிக்கும் அந்தப் பிந்திய நாட்களே, காஷ்மீர மக்கள் ‘ஹரூத்’ என அழைக்கும் இலையுதிர்காலத்தின் முழுப் பொருளையும் உணர்த்துகின்றன.

மரத்தின் சேமிப்பு

பகற்பொழுது குறுகி, இரவில் குளிர் மிகும்போது இலைகளிலுள்ள பச்சையம் சிதைகிறது. இலையின் புரதங்களில் அடங்கியுள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளை மரம் தன் கிளைகளுக்கும் தண்டுக்கும் மீட்டுக்கொள்கிறது. பச்சை நிறம் விலகியதும், அதுவரை மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. சிவப்பைத் தரும் அந்தோசயனின் அப்பருவத்தில் புதிதாக உருவாகிறது. நாம் வியந்து படமெடுக்கும் வண்ணம், வரவிருக்கும் குளிர்காலத்திற்காக மரம் செய்யும் சேமிப்பின் அடையாளமே ஆகும்.

இடமும் நேரமும்

நூர்ஜஹானின் சகோதரர் ஆசப்கான் 1633ஆம் ஆண்டில் அமைத்த நிஷாத் பாக், தால் ஏரியின் கிழக்குக் கரையில், ஜபர்வான் மலையடிவாரத்தில் படிப்படியாக உயர்ந்து செல்கிறது. மலை மறைப்பதால் காலை வெயில் இங்குத் தாமதமாகவே வரும். மாலையில் ஏரியைக் கடந்து வரும் சாய்ந்த ஒளி தோட்டம் முழுவதும் பரவுவதால், அதுவே இங்குப் படமெடுக்க ஏற்ற வேளை. ஏரியின் மேற்குப் பக்கத்தில், காஷ்மீர்ப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள நசீம் பாகில் முதிய சினார்கள் வரிசையாக நிற்கின்றன. அங்குக் காலை வேளையே சிறந்தது.

இலைகள் குறைந்த மரத்தை முழுமையாகப் படமெடுத்தால் அது வெறுமையாகத் தோன்றக்கூடும். ஆகவே, ஒரு கிளையை மட்டும் தேர்ந்தெடுத்து, சூரியன் இலைக்குப் பின்னால் அமையுமாறு நின்றுகொள்ளுங்கள். நரம்புகள் தெளிவாகப் புலப்படும். பதிவாகும் வெளிச்சத்தைச் சற்றே குறைத்தால் சிவப்பு நிறம் வெளிறாது. இவ்வசதி கைப்பேசிக் கேமராவிலும் உண்டு. மழை நனைத்த இலைகளின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் உதவும்.

சருகிலிருந்து கணப்பு

உதிர்ந்த இலைகளை மக்கள் கூட்டிக் குவித்து எரிக்கின்றனர். அவை முற்றிலும் சாம்பலாகும் முன் நீர் தெளித்து அணைத்துக் கரியாக்குகின்றனர். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி பொருத்திய ‘காங்கிரி’ என்னும் கணப்பில் இக்கரி இடப்படுகிறது. டிசம்பர் 21 அன்று தொடங்கி 40 நாட்கள் நீடிக்கும் ‘சில்லை கலான்’ கடுங்குளிரில், நீண்ட ‘பிரன்’ அங்கியினுள் அதை ஏந்திக் குளிர்காய்கின்றனர். மரம் தனக்குரியதை மீட்டுக்கொண்டபின் எஞ்சியதை இல்லங்கள் சேமித்துக்கொள்கின்றன. இக்காட்சியும் உங்கள் படத்தொகுப்பில் இடம்பெறத் தக்கதே. சருகு கூட்டுவோரைப் படமெடுக்குமுன் அவர்களது இசைவைப் பெறுதல் முறை.

ஆண்டுதோறும் ஒரு படம்

நகர விரிவாக்கத்தாலும் சாலைப் பணிகளாலும் சினார்கள் பல மறைந்துள்ளன. எஞ்சியவற்றைக் காக்கும் பொருட்டு, மரங்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றின் விவரத்தையும் அறிய உதவும் கியூஆர் குறியீட்டுத் தகடுகளைப் பொருத்தும் பணி ஜம்மு-காஷ்மீரில் நடைபெற்றுவருகிறது. தனிமனிதரின் கேமராவும் இதில் பங்காற்ற இயலும். ஒரே மரத்தை, ஒரே இடத்தில் நின்று, ஒவ்வோர் ஆண்டும் ஒரே வாரத்தில் படமெடுத்துத் தேதியுடன் சேமித்து வையுங்கள். இலைகள் முன்கூட்டியே உதிர்கின்றனவா, கிளைகள் வெட்டப்பட்டுள்ளனவா என்பதைச் சில ஆண்டுகளில் அப்படங்களே தெரிவிக்கும். காஷ்மீர் செல்ல இயலாதோர் தம் தெருவிலுள்ள வாதுமை மரத்திலிருந்து இதைத் தொடங்கலாம். அதன் இலைகளும் உதிருமுன் சிவக்கின்றன.