கொரியக் கல்யாணத்தில் மொய்

சியோலில் மகனின் சக ஊழியருக்குத் திருமணம். ரயில்வேயில் கணக்குத் தவறாதவன் என்று பெயரெடுத்த நான், வெள்ளை உறையில் நாற்பதாயிரம் வொன் வைத்தேன். வாசலில் மகன் பதறினான்: "அப்பா, இங்கே நான்குக்கும் சாவுக்கும் 'சா' என்ற ஒரே ஒலி!"

நம் நூற்றொன்று போல அங்கும் ஒற்றைப்படையே மங்கலம். முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று வைப்பார்கள். நூறாயிரமும் சரியே.

இன்னொரு பத்தாயிரம் சேர்த்து, உறையின் பின்புறம் பெயரெழுதி, வரவேற்பு மேசையில் கொடுத்தோம். பதிந்துகொண்டு சாப்பாட்டுச் சீட்டுத் தந்தார்கள். சம்பந்திகளான இரு தாய்மார்களும் மெழுகுவர்த்தி ஏற்ற, அரை மணியில் கல்யாணம் முடிந்தது. வெண்ணிற உடை மணமகளுக்கே உரியது. பெண் விருந்தினர் தவிர்ப்பது மரியாதை.

அவர்களுக்கும் மொய் திருப்பிச் செய்யவேண்டிய கடன்தான். போகுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என் வாழ்த்து மயிரிழையில் தப்பியது.