ஃப்ரெஞ்ச் பிரஸ் காபி: நான்கு நிமிடத்தில் உள்ளே என்ன நடக்கிறது?

ஃப்ரெஞ்ச் பிரஸ் வாங்கிய பல வீடுகளில் அது இப்போது பரண் மேல்தான் இருக்கு. கேட்டால், "தண்ணியா இருக்கு, அடியில சேறு மாதிரி மண்டி, நம்ம ஃபில்டர் காபி பக்கத்துல வராது" என்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். டவரா-டம்ளர் காபிக்கு வாங்கிய அதே சிக்கரி கலந்த நைஸ் பொடியை இதிலும் போடுவது. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

பெயரும் பிறப்பும்

பெயரில் ஃப்ரெஞ்ச் இருந்தாலும் இதற்கு ஒரே சொந்தக்காரர் கிடையாது. 1852-ல் மேயர், டெல்ஃபோர்ஜ் என்ற இருவர் பிரான்சில் இதன் ஆதி வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு நெருக்கமான ஒன்றுக்கு 1929-ல் காப்புரிமை எடுத்தவர்கள் கலிமானி, மொனேத்தா என்ற இத்தாலியர்கள். பிரிட்டனில் இதை 'கஃபத்தியே' என்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் 'பிளஞ்சர்'.

ஊறலும் வடிதலும்

நம்ம ஊர் ஃபில்டரில் தண்ணீர் பொடி வழியாக இறங்குகிறது. மேலிருந்து புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால் சாரம் தொடர்ந்து கழுவப்படும். ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸில் பொடியும் தண்ணீரும் ஒன்றாகவே ஊறுகின்றன. தண்ணீரில் சாரம் ஏற ஏற, மேலும் கரையும் வேகம் குறையும். அதாவது இது தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும் அமைப்பு. அதனால்தான் நான்கு நிமிடம் ஐந்தானாலும் காபி கெட்டுவிடுவதில்லை. அரைப்பின் அளவும் பொடி-தண்ணீர் விகிதமும் தப்பினால்தான் கெடும்.

ஒரு சின்னக் கணக்கு. காபித்தூளில் கரையக்கூடியது ஏறத்தாழ 30 விழுக்காடு. அதில் நல்ல சுவை தருவது 18 முதல் 22 விழுக்காடு வரை கரையும்போது என்பது 1950-களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் கொடுத்த வரையறை. இன்றும் அதுதான் அளவுகோல். 30 கிராம் பொடி, 500 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடு கரைந்தால் 6 கிராம். 500-க்கு 6 என்றால் 1.2 விழுக்காடு அடர்த்தி. பிளாக் காபிக்கு இது சரியான இடம். இதில் பாதிக்குப் பாதி பால் ஊற்றினால் 0.6 ஆகிவிடும், அப்புறம் தண்ணியா இருக்குன்னு சொல்லாம என்ன சொல்வாங்க? பால் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் தண்ணீரை 250-300 மில்லியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

செய்முறை

1. சிக்கரி கலக்காத பொடி, கோதுமை ரவை அளவுக்குக் கொரகொரப்பாக. கடையில் "ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸுக்கு" என்று சொன்னால் அரைத்துத் தருவார்கள்.
2. கண்ணாடிக் குடுவையை வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குடுவையே சூட்டை இழுத்துக்கொள்ளும்.
3. தண்ணீர் கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் விடுங்கள். 92 முதல் 96 டிகிரி போதும். ஊட்டியில் இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம், அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 93 டிகிரிக்குப் பக்கத்தில்தான்.
4. ஊற்றியதும் நுரைத்து எழும். வறுக்கும்போது கொட்டைக்குள் சிக்கிய கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவது அது. நுரையே வரவில்லை என்றால் பொடி பழசு.
5. நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் படலத்தைக் கரண்டியால் கலைத்துவிடுங்கள். பொடி அடியில் இறங்கும். மிச்ச நுரையை எடுத்துவிட்டு, பொறுமை இருந்தால் இன்னும் நாலைந்து நிமிடம் விடுங்கள். மண்டி தானாகப் படியும்.
6. பிளஞ்சரை மெதுவாக இறக்குங்கள். இறுக்கமாக இருந்தால் பொடி ரொம்ப நைஸ் என்று அர்த்தம். பலம் கொடுத்து அழுத்தாதீர்கள், கொதிநீர் பீறிட்டுக் கையைச் சுடும், குடுவையும் உடையலாம். கொஞ்சம் மேலே தூக்கி மறுபடி இறக்குங்கள்.
7. மொத்தத்தையும் உடனே ஊற்றிவிடுங்கள், கடைசி ஒரு வாய் தவிர. அந்த ஒரு வாய் மண்டிதான்.

கழுவும்போது வலையைக் கழற்றிக் கழுவ வேண்டும். அதில் ஒட்டிய எண்ணெய் சிக்குப் பிடித்தால் மறுநாள் காபியில் தெரியும்.

கொலஸ்டிரால் விஷயம்

இந்தக் காபியின் கனத்த சுவைக்குக் காரணம் அதில் இருக்கும் எண்ணெய். உலோக வலை அதைத் தடுக்காது, காகித வடிகட்டி தடுக்கும். அந்த எண்ணெயோடு கஃபெஸ்டால் என்ற பொருளும் வருகிறது. இது ரத்தத்தில் எல்டிஎல் கொலஸ்டிராலை ஏற்றும். நெதர்லாந்தில் நடந்து 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் சுமார் 0.9 லிட்டர் ஃப்ரெஞ்ச் பிரஸ் காபியை ஆறு மாதம் குடித்தவர்களுக்கு எல்டிஎல் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடியது. நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பியது.

0.9 லிட்டர் என்பது ஐந்தாறு கப். ஒரு கப் குடிப்பவர் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நாற்பதைத் தாண்டி, ரிப்போர்ட்டில் எல்டிஎல் எண்ணுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே நட்சத்திரக் குறி விழுந்தவர்கள், மூன்று நான்கு கப் பழக்கம் இருந்தால், யோசிக்க வேண்டும். காபியை விடவேண்டிய அவசியமில்லை. பிரஸ்ஸில் போட்டதை ஒரு காகித வடிகட்டியில் ஊற்றிக் குடிக்கலாம். கனம் கொஞ்சம் குறையும், கஃபெஸ்டாலில் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றுவிடும். அடுத்த ரத்தப் பரிசோதனையின்போது டாக்டரிடம் எத்தனை கப் என்பதோடு எந்த முறையில் போட்ட காபி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.