கப்பாக் போடோவும் உறையாத இரத்தமும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் வட மலேசியாவின் இரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் பலரைக் கடித்த பாம்பு, படம் எடுப்பதுமில்லை, துரத்துவதுமில்லை. காய்ந்த சருகுகளுக்கிடையே சுருண்டு கிடக்கும். ஆள் வந்தாலும் நகராது. மிதித்தால் கடிக்கும், கடித்த பிறகும் பெரும்பாலும் அதே இடத்திலேயே கிடக்கும். அதனால்தான் மலாய்க்காரர்கள் இவ்விரியனை 'ஊலார் கப்பாக் போடோ' என்கிறார்கள். 'போடோ' என்றால் முட்டாள்.

இந்த முட்டாள் என் பாட்டியைக் கடித்திருக்கிறது. 1970களின் தொடக்கம், கெடாவில் ஒரு தோட்டம், விடியாத இருட்டில் பால்மரம் சீவப் போன நேரம். பக்கத்து வீட்டார் விஷம் இறங்கட்டும் என்று கடிவாயைக் கத்தியால் கீறிவிட்டார்கள். "கால் வீங்குனதுகூட பெருசில்லையா, கீறுன இடத்துல ரத்தம் பத்து நாளைக்கு நிக்கவே இல்ல" என்பார் பாட்டி. இரத்த உறைதல் பாடத்தை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய எனக்கு, அந்தப் பத்து நாளையும் பாடத்தையும் இணைத்துப் பார்க்க ஓராண்டு பிடித்தது!

இணைத்துக் காட்டியவர் டாக்டர் அலிஸ்டேர் ரீட். பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர். 1961இல் அங்கே பாம்பு, நஞ்சு ஆய்வுக்கழகத்தைத் தொடங்கினார். கப்பாக் போடோ கடித்து வந்தவர்களின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துக் கவனித்தார். பலரின் இரத்தம் உறையவே இல்லை. நச்சுமுறிவு மருந்து கொடுக்காவிட்டால் இந்நிலை வாரக்கணக்கில் நீடித்தது. வியப்பு என்னவென்றால், அவர்களில் பலர் பெரிய இரத்தப்போக்கு எதுவுமின்றி நடமாடிக் கொண்டிருந்தார்கள். 1963இல் இதனை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்.

இது எப்படி நடக்கிறது? நம் இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கரைந்திருக்கிறது. காயம் பட்டால் த்ராம்பின் என்னும் நொதி அதன் இரு வகைத் துணுக்குகளை வெட்டி எடுக்கிறது. மீதி இழைகளாகப் பின்னிக்கொள்ள, மற்றொரு நொதி முடிச்சுப் போட்டு இறுக்குகிறது. கப்பாக் போடோவின் நஞ்சிலுள்ள நொதியோ ஒரு வகைத் துணுக்கை மட்டுமே வெட்டுகிறது. முடிச்சுப் போடும் நொதியையும் எழுப்புவதில்லை. எனவே உருவாகும் இழைகள் நூலாம்படை போல் பலவீனமானவை. உடல் அவற்றை உடனுக்குடன் கரைத்துவிடுகிறது. இப்படியே ஃபைப்ரினோஜன் முழுவதும் செலவாகிவிட, உறைவதற்கு இரத்தத்தில் சரக்கே இருப்பதில்லை. அதாவது, உறையாமைக்குக் காரணம் உறைய வைக்கும் நொதிதான்!

இரத்தக் குழாயின் சுவரைச் சேதப்படுத்திக் கசிய வைப்பது நஞ்சிலுள்ள வேறொரு பொருள். உறையாமையும் கசிவும் இரண்டு தனி வேலைகள் என்று பிரித்தறிந்ததே ரீட் குழுவினரின் பெரிய பங்களிப்பு என்பேன். சுவர் முழுதாக இருந்தால் உறையாத இரத்தமும் உள்ளேயே ஓடும். கத்தியால் கீறினால்? பாட்டியின் பத்து நாள் அதற்கு விடை.

அந்த நொதியை மட்டும் பிரித்தெடுத்தால் இரத்தக்கட்டிக்கு மருந்தாகுமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 1967இல் எஸ்னஃப், டன்னா இருவரும் அதனைப் பிரித்தெடுத்தார்கள். ஆர்வின், பின்னர் ஆன்க்ரோட் என்று பெயர் பெற்றது. 1968இலேயே கால் நரம்பில் இரத்தம் கட்டியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதத்திற்கும் உதவும் என்று 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு நம்பிக்கையூட்டியது. 2006இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு பயனில்லை என்றது. அடுத்து நடந்த சோதனைகளும் 2008இல் பயன் தராது என்று நிறுத்தப்பட்டன. தோட்டத்துப் பாம்பு உலக மருந்தாகி வெற்றி பெற்றது என்று எழுத எனக்கும் ஆசைதான், நடக்கவில்லை.

ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாய் நிலைத்துவிட்டது. இன்றும் பாம்புக்கடியோடு வருபவரின் இரத்தத்தில் இரண்டு மில்லிலிட்டர் எடுத்துச் சுத்தமான, உலர்ந்த குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். தண்ணீர் போல் ஓடினால் நச்சுமுறிவு மருந்து தேவை. குழாய் கண்ணாடியாகவே இருக்கவேண்டும். உறைதலைத் தூண்டுவதே கண்ணாடிதான், பிளாஸ்டிக்கில் முடிவு தவறாக வரும். முதல் முறை உறைந்தாலும் சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். கப்பாக் போடோவுக்கான மருந்து தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து நம் நாட்டுக்கு வருகிறது.

சென்ற தீபாவளிக்குப் போனபோது பாட்டிக்கு இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கீறியிருக்கக் கூடாது, அதானே?" என்றார். ஆமாம் பாட்டி. கீறக்கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது, காலை அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.