பெரியம்மாவின் சாணைக்கல்

அடக்க ஆராதனை முடிந்து ஒரு வாரம் கழித்துப் பெரியம்மாவின் அலமாரியை ஒழித்தோம். பாமாலைப் புத்தகத்துக்கு அடியில் ஒரு தகர டப்பா. அதற்குள் விரல் நீளத்துக்குச் சாணைக்கல். நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகள் எடுத்துப் பார்த்தாள். ஊசி தீட்டுகிற கல் என்றேன். நம்பவில்லை.

1956-ல், பதினெட்டு வயதில், திருநெல்வேலியில் ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் படிக்கப் போனவர் பெரியம்மா. அங்கே நர்ஸ் பயிற்சி 1909-லேயே தொடங்கிவிட்டது. 1946-ல் பட்டப்படிப்பும் வந்திருந்தது. இவர் படித்தது டிப்ளமோ.

அன்றைய சிரிஞ்சு கண்ணாடி. குழலிலும் தண்டிலும் ஒரே எண் இருக்கும். ஜோடி மாறினால் மருந்து கசியும். கழுவி, ஊசித் துளையில் மெல்லிய கம்பி விட்டு அடைப்பெடுத்து, முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார்கள். பஞ்சு சிக்கினால் முனை மடங்கியிருக்கிறது, கல்லில் தீட்ட வேண்டும். பிறகுதான் கொதிக்க வைப்பது. ரப்பர் கையுறை ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூபைப் போல ஒட்டுப் போடுவார்களாம்.

“ஒரு ஊசி எத்தனை பேருக்கு, பெரியம்மா?”

“எண்ணுனா தூக்கம் வராதுட்டீ.”

அந்தக் காலத்தை அவர் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. சரியாகக் கொதிக்காத ஊசியால் எத்தனை பேருக்கு மஞ்சள்காமாலை தொற்றியிருக்குமோ என்ற உறுத்தல் கடைசிவரை இருந்தது. 2021-ல் கொரோனா தடுப்பூசிக்குக் கூட்டிப் போனபோது, கையை நீட்டாமல் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒரு தடவை அழுத்திட்டா பூட்டிக்கிடும் பாட்டி, திரும்ப இழுக்க முடியாது” என்றாள் அந்த நர்ஸ் பிள்ளை. “இத அப்பவே கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா” என்று சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டினார்.

பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். 1961-ல் வந்த சட்டப்படி பிரசவ விடுப்பு 12 வாரம். (2017-க்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம்.) பதின்மூன்றாம் வாரம் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் புளியமரத்தடிக்கு வருவார், பால் கொடுத்துவிட்டுப் பெரியம்மா வார்டுக்கு ஓடுவார். “ஊருக்கெல்லாம் ராத்திரி முழிச்சிருந்தா. எங்களுக்குக் காய்ச்சல்னா ஆச்சிதான்” என்று மூத்த அண்ணன் அடக்கத்தன்று சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு கோயில்தான். எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். சோறு வடிக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்து வைப்பது வழக்கம். அதை மாதாமாதம் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கிற பொறுப்பைப் பெரியம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கென்னவோ அரிசி ஒரு சாக்கு என்றுதான் தோன்றும். திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தியின் கால்வீக்கத்தை அமுக்கிப் பார்ப்பார், ஆறாத புண்ணை அவிழ்க்கச் சொல்வார், கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்தாயிற்றா என்று மிரட்டுவார். வார்டு ரவுண்ட்ஸ்தான், தொப்பி மட்டும் இல்லை. 2014-ல் இந்தியாவில் போலியோ இல்லை என்று அறிவித்த செய்தியைக் கத்தரித்து வேதாகமத்துக்குள் வைத்திருந்தார்.

இப்போது காணிக்கைக்குக் கவர் இருக்கிறது. கவரும் வேண்டாமென்றால் ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டையில் போனைக் காட்டலாம். கணக்குச் சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது. யார் வீட்டில் யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது.

சாணைக்கல்லை என் மகள் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோனாள், எங்க டீச்சரே பாத்திருக்க மாட்டாங்க என்று சொல்லி. அடுக்களையில் பெரியம்மாவின் கைப்பிடி அரிசி டின் இருந்தது. உள்ளே இரண்டு படி இருக்கும். கோயிலில் இப்போது அரிசி வாங்குவதில்லை. அண்ணன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்ப மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.