கொம்பனித் தெருக் கோச்சி ஸ்டேசன்

கோட்டையிலிருந்து கரையோரப் பாதையில் வெளிக்கிடும் ரயில், செயலக நிறுத்தத்தைக் கடந்ததும் பேரே வாவியின் ஓரமாகப் போய் ஒரு சின்ன ஸ்டேசனில் நிற்கும். சிங்களத்தில் அந்த இடம் கொம்பஞ்ஞ வீதிய, தமிழில் கொம்பனித் தெரு. ஆங்கிலத்திலோ அதை நெடுங்காலமாக ஸ்லேவ் ஐலன்ட், அதாவது அடிமைத் தீவு என்றுதான் சொல்லி வந்தார்கள். இவை ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு அல்ல. ஆங்கிலப் பெயர் ஒல்லாந்தர் காலத்து அடிமைகளைச் சொல்கிறது. மற்ற இரண்டும் பின்னால் வந்த வேறொரு கூட்டத்தைச் சொல்கின்றன. 2022இல் அரசாங்கம் அந்த ஆங்கிலப் பெயரைக் கைவிடத் தீர்மானித்தது. அடிமைப் பெயர் ஒழிந்ததில் யாருக்கும் கவலை இல்லை. கொம்பனி என்ற சொல்லுக்குப் பின்னால் நின்ற மனிதர்கள்தான் மறக்கப்படுகிறார்கள். அவர்களில் பெரும்பங்கு நம்மவர்கள்.

ஒல்லாந்தர் ஆபிரிக்காவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கொண்டுவந்த அடிமைகளைப் பகலில் கோட்டைக்குள் வேலை வாங்கி, இரவில் வாவி சூழ்ந்த இந்த நிலத்தில் அடைத்து வைத்தார்கள். தப்பி நீந்தாமலிருக்க வாவியில் முதலைகள் இருந்தன என்பார்கள். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து நாடு கடத்தப்பட்ட பிரபுக்கள், பட்டாளத்துக்காரர், கைதிகள் என்று மலாய் மக்களும் ஒல்லாந்தர் காலத்திலேயே இலங்கைக்கு வந்துவிட்டார்கள். இங்குள்ள வேகந்தப் பள்ளிவாசலின் காணியை 1786இல் வாங்கிக் கொடுத்தவர் பந்தான் பாலி என்ற ஜாவாக்காரர். பிறகு வந்த ஆங்கிலேயர் மலாய்ப் பட்டாளம் ஒன்றை வைத்திருந்தார்கள். பின்னர் இலங்கை ரைபிள் படை என்று பெயர் பெற்ற அந்தப் பட்டாளத்தின் குடியிருப்பு இங்கேதான் இருந்தது. கொம்பனி என்பது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனி என்பவரும் உண்டு, படைப் பிரிவான கொம்பனி என்பவரும் உண்டு. மலே வீதி, ரைபிள் வீதி, ஜாவா லேன் என்று தெருப் பெயர்கள் சாட்சிக்கு நிற்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது. 1872இல் தொடங்கிய கொழும்பு மலாய் கிரிக்கெட் கழகமும் இந்த மண்ணில்தான் விளையாடியது. அடுத்த வருடமே, 1873இல், படை கலைக்கப்பட்டது.

ரயில் வந்தது அதற்குப் பிறகுதான். இலங்கையில் ரயில் போக்குவரத்து 1865இல் அம்பேபுஸ்ஸை வரை தொடங்கியது. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அந்தப் பாதையின் முக்கிய நோக்கம். கரையோரப் பாதையின் கதை வேறு. அதற்குச் சனம்தான் சரக்கு. 1870களின் பிற்பகுதியில் பாணந்துறை வரை போன தண்டவாளம், 1894இல் காலியையும் 1895இல் மாத்தறையையும் தொட்டது. 2019இல்தான் பெலியத்தை வரை நீண்டது. இந்தப் பாதையில் வரும் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: தெஹிவளை, பாணந்துறை, களுத்துறை, பேருவளை, தர்ஹா நகரத்துக்குக் கிட்ட அளுத்கமை, காலி, வெலிகமை. தென்மேற்குக் கரையின் பழைய முஸ்லிம் குடியிருப்புகளை ஒரே நூலில் கோத்தது போல் இருக்கும். அந்த ஊர்களிலிருந்து ரயிலேறி வந்தவருக்குக் கொள்ளுப்பிட்டியில் கடற்கரையை விட்டு உள்ளே திரும்பியதும் எதிர்ப்படும் முதல் ஸ்டேசன் இதுதான்.

கட்டிடம் விக்டோரியா காலத்து வேலை. இரும்புத் தூண்கள், கூரை விளிம்பில் சரிகை போல் வெட்டிய பலகைகள், இரண்டு பக்கமும் மேடை. பெரிய ஸ்டேசன் அல்ல. ஆனால் கொழும்பில் பழைய வடிவம் கெடாமல் நிற்கும் ஸ்டேசன்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுக்கலாம்.

1950களில் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கி, பி.டி. ரம்பால ரயில்வேயை நடத்திய காலத்தில் நீராவி மெல்ல மெல்ல ஒதுங்கியது. புகை போயும் நாம் இன்னும் புகையிரதம் என்றே எழுதுகிறோம்; பேசும்போது கோச்சி. 1918லேயே விமலசுரேந்திர ரயிலை மின்சாரத்தில் ஓட்டலாம் என்று சொன்னார். நூறு வருடம் தாண்டியும் அது கடதாசியில்தான் இருக்கிறது. இன்றைக்கு இங்கே அதிகம் நிற்பவை பவர் செட் எனப்படும் புறநகர் ரயில்கள். தூர ஊர்க் கடுகதிகள் எல்லாம் நிற்பதில்லை, நேர அட்டவணையைப் பார்த்து ஏறுவது நல்லது. காலையில் ஒபீஸ் கோச்சிகள் வந்து நின்றால் மேடை கொள்ளாது. யூனியன் பிளேஸ் அலுவலகங்கள், பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி என்று சனம் பிரிந்து போகும். சீசன் டிக்கட் வைத்திருப்பவருக்கு பஸ் செலவோடு பார்க்கையில் இது பெரிய ஆறுதல். மோட்டார் வாகனக்காரருக்கோ இந்தக் கோச்சி தலையிடி. கேட் போட்டால் வீதி முழுக்க அடைபடும். அதற்காக 2024இல் ஒரு மேம்பாலம் திறந்தார்கள். ஜஸ்டிஸ் அக்பர் மாவத்தைப் பக்கம் இறங்கும் பாலம் அது. மலாய்ச் சமூகத்தில் பிறந்து உச்ச நீதிமன்ற நீதியரசராக இருந்த எம்.ரீ. அக்பரின் பெயரில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு விடுதியும் இருக்கிறது.

மேம்பாலத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணாடிக் கோபுரங்கள்தான் தெரியும். 2010இல் மியூஸ் வீதி வீடுகள் இராணுவக் காவலோடு உடைக்கப்பட்டன. பிறகு ஜாவா லேன், கிளெனி வீதிப் பக்கமும் அபிவிருத்தி என்று சொல்லிச் சனத்தை எழுப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் டி சொய்சா கட்டிடம் 2021இல் போய்விட்டது. மலாயும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் ஒரே முடுக்குக்குள் பாபத்தும் வட்டலப்பமும் பரிமாறிக்கொண்ட வாழ்க்கை, பத்தாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளுக்குள் அதே மாதிரி இருக்குமென்று நான் நம்பவில்லை. மாடி வீடு வேண்டாமென்று எல்லோரும் சொன்னதாகவும் எழுத முடியாது. மழைக்கு ஒழுகும் கூரையை யார்தான் விரும்புவார்? அவர்களைக் கேட்டுச் செய்தார்களா என்பதுதான் பிரச்சினை.

ஸ்டேசன் ரயில்வேயின் சொத்து என்பதால் தப்பி நிற்கிறது. அக்கம்பக்கத்தில் வளர்ந்த மூத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எந்த முடுக்கில் எந்தக் குடும்பம், எந்த வீட்டில் மலாய்ப் பேச்சு, எந்தக் கடையில் யார் முதலாளி என்பதை அவர்கள் வாயால் கேட்டுப் பதிந்து வைக்க நம் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் வாலிபர் சங்கங்களுக்கும் ஒரு கைத்தொலைபேசி போதும்.

எழுப்பப்பட்டவர்களில் தெமட்டகொடைப் பக்கம் போனவர்கள் உண்டு. அங்கேயும் ஒரு ஸ்டேசன் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே ஏறி, மருதானையிலோ கோட்டையிலோ மாறி, கொம்பனித் தெருவில் இறங்கினால் வேகந்தப் பள்ளி நடைத் தூரம்தான்.